ஸ்டோர்க்காரரின் ராணுவச் சாப்பாடு

ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் இருபத்திரண்டு வருடமாக இருப்பவரை எல்லோரும் ஸ்டோர்க்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய டாக்டரே வந்து நின்றாலும் பின்வரிசையிலிருந்து ஒரு மாத்திரை அட்டை எடுத்துத் தர மாட்டார். எதற்குக் காலாவதித் தேதி முதலில் வருகிறதோ அதுதான் முதலில் வெளியே போக வேண்டும். புதுச் சரக்கு வந்தால் பழையதை முன்னால் இழுத்து, புதியதைப் பின்னால் தள்ளி, தேதி தெரியும்படி திருப்பி வைத்துவிட்டுத்தான் காப்பி குடிக்கப் போவார். அவர் கையில் ஒரு மருந்துகூட வீணாய்ப் போனதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், நமக்கெல்லாம் எதற்கெதற்கோ இருக்கிறது.

அதை ஆஸ்பத்திரியோடு விட்டிருந்தால் தேவலை. வீட்டிலும் அதே சட்டம். நேற்றைய ரொட்டி தீராமல் இன்றைய ரொட்டியைப் பிரிக்கக் கூடாது. அது தீர்வதற்குள் இன்றையதும் நேற்றையதாகிவிடும். கல்யாணமான நாளிலிருந்து புது ரொட்டி எப்படியிருக்கும் என்றே தெரியாது என்று அவர் மனைவி பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வாள். அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அதட்டினால் தெருமுனை வரை கேட்கும். பயிற்சிக் காரில் அவள் பக்கம் தனி பிரேக் ஒன்று உண்டு. அந்தப் பழக்கத்தில் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாலும் திருப்பம் வந்தால் காலை அழுத்துவாள்.

ஸ்டோர்க்காரருக்கு ஒரே ஒரு பைத்தியம். வெளிநாட்டு ராணுவங்கள் தங்கள் சிப்பாய்களுக்குக் கொடுக்கும் சாப்பாட்டுப் பொட்டலங்களை வாங்கிச் சேர்ப்பார். கூடாரமும் கயிறும் விற்கும் ஒரு கடையில் அவருக்கென்று எடுத்து வைப்பார்கள். படுக்கையறை அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்க அதுதான். இரண்டு மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, ஒரு பொட்டலத்தையும் கூடாரத்தையும் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போவார். படிக்கத் தெரியாத எழுத்தைத் தடவிப் பார்ப்பார். உள்ளே இருக்கும் பிஸ்கட், ஜாம், காப்பிப் பொடி, கட்டைவிரல் அளவு தீப்பெட்டி எல்லாவற்றையும் துண்டின்மேல் பரப்புவார். ஒவ்வொன்றாக ருசி பார்த்துவிட்டு மறுநாள் திரும்புவார்.

பதினோரு வருடமாகத் தனியாகத்தான். ஆரம்பத்தில் மனைவியை இரண்டு மூன்று தடவை கூப்பிட்டார். வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் சனி ஞாயிறில்தான் வண்டி பழக வருகிறார்கள், நான் எப்படி வருவது என்றாள். நியாயம்தானே? அதற்கப்புறம் அவர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கூடாரத்தை விரிக்கும்போதெல்லாம் இவளும் இருந்தால் நன்றாயிருக்குமே என்று நினைப்பார். மனுஷனுக்கு அந்த ஆசை மட்டும் போகவே இல்லை.

போன மாதம் பயிற்சிக் காரின் கியர் பெட்டி மக்கர் பண்ணி, வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போனது. சனி ஞாயிறு இரண்டு நாளும் அவளுக்கு வேலை இல்லை.

"நானும் வரேன்" என்றாள். "ஆனா ஒரு தடவைதான் பாப்பேன். பிடிக்கலைன்னா அப்புறம் என்னைக் கூப்பிடவே கூடாது."

ஸ்டோர்க்காரருக்குத் தலைகால் புரியவில்லை. கூடாரத்தைத் துவைத்துக் காயவைத்தார். அவளுக்கென்று ஒரு தலையணை வாங்கினார். இவ்வளவும் செய்த மனுஷன், அலமாரியைத் திறந்ததும் என்ன செய்தார் தெரியுமா? கை தானாக முன்வரிசைக்குப் போனது. இன்னும் இருபத்தொரு நாளில் காலாவதியாகப் போகிற இரண்டு பொட்டலங்களை எடுத்துப் பைக்குள் வைத்தார். பெண்டாட்டி முதல் தடவையாக வருகிறாள், நல்லதாக எடுப்போம் என்று தோன்ற வேண்டாமோ? தோன்றவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தவள் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கூடாரம் நின்றது, பாய் விரிந்தது. அவள் காலை நீட்டி உட்கார்ந்து, காற்று நன்றாயிருக்கிறது என்றாள். ஸ்டோர்க்காரர் பாதி ஜெயித்த மாதிரி பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே தீயில்லாமல் சூடாக்கும் பை ஒன்று இருக்கும். அதில் கோடு வரை தண்ணீர் ஊற்றி, சாப்பாட்டுப் பாக்கெட்டை உள்ளே செருகிவைத்தால் தானே கொதிக்கும் என்று படம் போட்டிருந்தது. தண்ணீர் ஊற்றினார். நாலு குமிழி வந்தது, அடங்கிவிட்டது.

அவள் தொட்டுப் பார்த்தாள். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூடுதான் இருந்தது. எப்போதுமே இப்படித்தானா என்று கேட்டாள். போர்க்களத்தில் சுடச்சுடச் சாப்பிட நேரம் ஏது, ராணுவச் சாப்பாடு என்றால் இப்படித்தான் என்று அவர் விளக்கினார். உண்மையாகவே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். அவள் பிஸ்கட்டைக் கடித்துப் பார்த்தாள், கல்லில் தட்டிப் பார்த்தாள், துண்டின்மேல் வைத்துவிட்டாள். போச்சு, இனி இவள் வரவே மாட்டாள் என்று ஸ்டோர்க்காரர் நினைத்துக்கொண்டார்.

அப்போதுதான் அவள் தன் கைப்பையிலிருந்து மூன்றாவது பொட்டலம் ஒன்றை எடுத்தாள். அலமாரியின் கடைசி வரிசையிலிருந்து அவருக்குத் தெரியாமல் உருவியது.

அவர் பதறிப்போனார். அதற்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது, அதன் முறை இன்னும் வரவில்லை என்றார். அவள் காதிலேயே வாங்காமல் கிழித்தாள், தண்ணீரை ஊற்றினாள். பை புஸ்ஸென்று சீறி உப்பியது. ஆவி குபுகுபுவென்று வந்தது. சூடு தாங்காமல் அவள் கீழே போட்டுவிட்டாள். ஸ்டோர்க்காரர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். ஆரம்பத்தில் அவருக்குக் கிடைத்தது பழைய சரக்கு, பிறகு வாங்கியதெல்லாம் அவரே பழசாக்கியது. பை இப்படிக் கொதித்து அவர் பார்த்ததே இல்லை.

பீன்ஸும் கறியும் கலந்த கெட்டிக் குழம்பு. நாக்கு சுட, இரண்டு பேரும் ஒரே கரண்டியால் மாற்றி மாற்றிச் சாப்பிட்டார்கள். இதில் இவ்வளவு மிளகாய் இருக்கிறது என்று அவர் அதிசயப்பட்டார். அவள் பாக்கெட்டை வழித்துச் சாப்பிட்டாள். அதைப் பார்க்கப் பார்க்க அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டே அவள் கேட்டாள்: "அலமாரியில இதே மாதிரி இன்னொண்ணும் பக்கத்துல இருந்துச்சு. பாத்தா எல்லாமே ரெண்டு ரெண்டா இருக்கு. ஒத்த ஆள் போறதுக்கு எதுக்கு ரெண்டு?"

அவர் கரண்டியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"ஒண்ணு உனக்கு."

"எப்பலேருந்து?"

"முதல்லேருந்தே. என்னைக்காவது நீயும் வருவேன்னு."

"நான்தான் வரலையே. அப்ப என்னோடதை என்ன பண்ணுவீங்க?"

"தேதி கிட்ட வந்துரும். வீணாப் போக விடக் கூடாதில்ல. நானே சாப்பிட்டுருவேன்."

தன் பங்கைத் தின்றுவிட்டு, இரண்டு மாதம் கழித்து வந்து அவள் பங்கையும் அரைச் சூட்டில் தனியாகத் தின்றிருக்கிறார். பதினோரு வருடம். எதற்கும் பதில் வைத்திருப்பவளுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது, ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"இன்னும் என் பங்கு எத்தனை இருக்கு?"

ஸ்டோர்க்காரர் யோசிக்கவே இல்லை. "ஏழு."

"இனிமே அதுல நீங்க கை வைக்கக் கூடாது. நானே வந்து சாப்பிட்டுக்கறேன்."