தண்டவாளத்தில் முன்னால் நடந்தவள்

என் கணவருக்கு ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் வேலை. செங்கல்பட்டிலிருந்து அரக்கோணம் போகும் பாதை, பாலாற்றை ஒட்டிய எங்கள் ஊரின் ஓரமாகப் போகிறது. தோளில் சுத்தியலும் கையில் கொடியுமாக அந்தப் பாதையில் தினமும் நடந்து, கழன்ற கிளிப்புகளை அடித்துச் சேர்ப்பார். நான் நெம்மேலிப் பக்கத்துப் பெண். கடற்கரையில் எங்களுக்கு ரயிலே கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதில் தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பதற்குக்கூட யாராவது துணைக்கு வர வேண்டும்.

அவருடைய அத்தை மகள் அப்படியில்லை. அவள் அப்பா கேட் கீப்பராக இருந்தவர். கேட்டுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள். சத்தத்தை வைத்தே சரக்கு வண்டியா பயணிகள் வண்டியா என்று சொல்லிவிடுவாள். என் கணவருக்கு அவள்தான் என்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். இவருக்கு அப்போது வேலையில்லை. அவள் அப்பா பொறுக்காமல் ஒரு லாரி டிரைவருக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார். இரண்டு வருடம் கழித்து இவர் என்னைக் கட்டினார். அதற்கு அடுத்த வருடம் ரயில்வே வேலை கிடைத்தது. என் ராசி என்று மாமியார் சாகும்வரை சொன்னார். கேட் கீப்பர் அவசரப்பட்டுவிட்டார் என்று ஊர் சொன்னது. ஊர் சொன்னதுதான் என் காதில் நின்றது.

அப்பா போனபிறகு அவள் தன் அம்மாவோடு எங்கள் ஊர் கீழ்த்தெருவுக்கே குடிவந்தாள். அவள் புருஷன் லாரியில் போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். அத்தைக்கு இடுப்பெலும்பு முறிந்து படுக்கை. வேலை முடிந்து வரும் வழியில் என் கணவர் அத்தையைப் பார்த்துவிட்டு வருவார். தப்பாக ஒன்றும் இல்லை. தப்பாக ஒன்றும் இல்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். சண்டை போடுவதற்கு ஒரு காரணமாவது வேண்டாமா? ஒருநாள் கை அலம்பிக்கொண்டே, “அவ வெச்ச மீன் கொழம்பு இன்னிக்கு சூப்பரா இருந்தது” என்றார். கடற்கரைக்காரி நான். என்னிடம் சொல்கிறார், ஆற்றங்கரைக்காரி வைத்த மீன் குழம்பைப் பற்றி. மூன்று வாரம் மீனே வாங்கவில்லை நான். அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

என் மகளுக்கு அவள் முறைப்படி சித்தி. அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தமும் உண்டே. குழந்தை வாய் நிறைய அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்றிருக்கும்.

அந்த வருட மழையில் நான்கு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் காலை, மேலே ஏரிகளெல்லாம் நிரம்பி, பாலாற்றில் தண்ணீர் அதிகமாக வருகிறது என்று வண்டியில் மைக் கட்டிக்கொண்டு சொல்லிப் போனார்கள். ஒரு மணி நேரத்தில் செங்கல்பட்டுச் சாலையில் இருந்த சின்னப் பாலம் மூழ்கிவிட்டது. பஸ் இல்லை, படகு இன்னும் வரவில்லை. தண்ணீர் எங்கள் வாசல்படியைத் தொட்டது. ராத்திரியிலிருந்து மழைக்கால ரோந்தில் இருந்த கணவருக்குப் போன் போட்டேன். வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்றது. திரும்பப் போட்டேன். அப்போதும் அதேதான்.

மகளைக் கூட்டிக்கொண்டு மாடிக்கு ஏறினேன். அங்கிருந்து கீழ்த்தெரு தெரியும். ஆரஞ்சு நிறச் சட்டைக்காரர் ஒருவர், பிளாஸ்டிக் நாற்காலியில் அத்தையை உட்கார வைத்து முன்பக்கம் பிடித்துத் தூக்கி வந்தார். பின்பக்கம் இன்னொரு ரயில்வே ஆள். முன்னால் வந்தவர் என் கணவர். பக்கத்தில் அவள் குடை பிடித்து வந்தாள். குடை அத்தையின் தலைக்கு மேல் இருந்ததா, அவர் தலைக்கு மேல் இருந்ததா என்று அந்த வெள்ளத்திலும் நான் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். இருவருக்கும் நடுவில் இருந்தது.

அத்தையை ரயில் மேட்டில் ஏற்றிவிட்டுத்தான் எங்கள் தெருவுக்கு வந்தார். தொடை வரைக்கும் தண்ணீரில் நின்றபடி கத்தினார்.

“எல்லாரும் தண்டவாளத்து மேல ஏறுங்க! வண்டி ரெண்டு பக்கமும் நிறுத்தியாச்சு. ஸ்டேஷன்ல பேசிட்டேன், மேலதிகாரியும் சரின்னுட்டாரு. செங்கல்பட்டு வரைக்கும் நடந்தே பூடலாம். சாமான் இன்னாத்துக்கு? புள்ளைங்கள தூக்குங்க!”

ஊரைச் சுற்றி உயரமான இடம் அந்த ரயில் மேடு ஒன்றுதான். வருடக்கணக்காகப் பார்த்தும் அது ஒரு வழி என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. அறுபது பேருக்கு மேல் சரிவில் ஏறினோம். ஜல்லி காலடியில் சரிந்தது. ஒருவர் ஆட்டைத் தோளில் போட்டிருந்தார். இன்னொருவர் டிவியைக் கைவிடமாட்டேன் என்று கட்டிப்பிடித்து நின்றார். ரயில்வேக்காரர்கள் தங்கள் தள்ளு டிராலியைத் தண்டவாளத்தில் ஏற்றி, அத்தையையும் நிறைமாதப் பெண் ஒருத்தியையும் நடக்கமுடியாத பெரியவர் ஒருவரையும் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு முதலில் கிளம்பினார்கள்.

என் கணவர் எங்களோடு வரவில்லை. மேற்கே ஓரிடத்தில் மேட்டைத் தண்ணீர் அரிக்கிறது, அங்கே காவல் நிற்க வேண்டும் என்றார். தன் விசிலைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். “முன்னால நீ போ. கட்டை மேல கால் வெச்சு நடக்கச் சொல்லு. பாலத்துல ஒவ்வொருத்தரா அனுப்பு.” பிறகு என் பக்கம் திரும்பினார். ஏதாவது சொல்வார் என்று நின்றேன்.

“அவ சொல்றத கேட்டு நட,” என்றார். அவ்வளவுதான். திரும்பி மேற்கே போய்விட்டார்.

இரண்டு பக்கமும் செம்பழுப்பு வெள்ளம். நடுவில் நாங்கள் வரிசையாக நடந்தோம். தண்டவாளத்துக்குக் குறுக்கே கிடந்த கட்டைக்குக் கட்டை இருக்கும் தூரம் என் நடைக்கு ஒத்து வரவில்லை. ஒவ்வொரு கட்டையிலும் வைத்தால் குட்டை நடை, ஒன்று விட்டு ஒன்று வைத்தால் தாண்டல். அவளோ வீட்டுக்கூடத்தில் நடப்பதுபோல் போனாள். பத்தடிக்கொருதரம் திரும்பி விசில் ஊதி ஆட்களை எண்ணினாள். அந்த நடையைப் பார்த்துக்கொண்டே நடந்ததில் இரண்டு தடவை விழுந்தேன். என் மகள் என் கையை உதறிவிட்டு முன்னால் ஓடி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வேகமாக நடப்பவளின் கையைக் குழந்தை பிடிக்கும்தான். அன்று எனக்கு அது அப்படித் தெரியவில்லை.

பாதி வழியில் இரும்புப் பாலம். சாதாரண நாளில் கீழே ஓடை. அன்று ஆறு மாதிரி ஓடியது. கட்டைகளுக்கு இடையே ஜல்லி கிடையாது, வெறும் இடைவெளி. நடுவில் ஒரு ஆள் நடக்கும் அகலத்துக்கு இரும்புத் தகடு போட்டிருந்தார்கள். தகட்டுக்கு ஒரு முழம் கீழே தண்ணீர் சீறிப் போனது. அவள் முதலில் என் மகளைக் கொண்டுபோய் அக்கரையில் விட்டாள். திரும்பி வந்து ஒவ்வொருவராகக் கைபிடித்துக் கூட்டிப் போனாள். போவதும் வருவதுமாக எத்தனை முறை நடந்தாள் என்று எண்ணவில்லை. என் முறை வந்தது. கையை நீட்டினாள்.

நான் பிடிக்கவில்லை. “எங்கூட்டுக்காரரு வரட்டும். அவரு கூட வர்றேன்,” என்றேன்.

“அவரு எப்ப வருவாரோ தெரியாது அக்கா.”

“வரட்டும்.”

எனக்குப் பின்னால் இருபது பேராவது நின்றிருப்பார்கள். மழை வலுத்தது. கைக்குழந்தை ஒன்று அழுதது. அவள் என் அருகில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

“அக்கா, எம்மேல கோவம்னா அந்தாண்ட வந்து எவ்ளோ வேணா திட்டிக்கோ. இங்க நின்னுகினா பின்னால கீறவங்க இன்னா பண்ணுவாங்க? என் கைய புடிக்க வேணாம். எதிர்ல கீற கம்பத்தப் பாத்து வா.”

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எட்டு வருடம் ஒருவருக்கும் தெரியாமல் வைத்திருப்பதாக நான் நினைத்ததை, அவள் தெரிந்துகொண்டே என் வீட்டுக்கு வந்து சிரித்துப் பேசிவிட்டுப் போயிருக்கிறாள்.

அவள் கையைப் பிடிக்காமல்தான் போனேன். ஆனால் நின்றபடி போக முடியவில்லை. நான்காவது அடியில் முட்டி போட்டுவிட்டேன். தகட்டைப் பிடித்துக்கொண்டு கைக்குழந்தைபோல் தவழ்ந்தேன். அவள் எனக்கு முன்னால், என்னைப் பார்த்தபடி, பின்பக்கமாக அடியடியாக நடந்தாள். அக்கரையில் என் மகள் நின்று, அம்மா தவழ்ந்து வருவதையும் சித்தி பின்னால் பார்க்காமலே நடந்து வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செங்கல்பட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்க வைத்தார்கள். தக்காளி சாதப் பொட்டலத்தோடு அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் முட்டியில் ரத்தம் காய்ந்திருந்தது. மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

“அவருக்கு நான் போன் போட்டா கெடைக்கல. உனுக்கு மட்டும் எப்பிடி கெடச்சுது? மொதல்ல உன் வூட்டுக்கு எப்பிடி வந்தாரு?”

அவள் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. “பின்கட்டுல நின்னு பாத்தேன். ரயில் மேடு அரிச்சு, ஜல்லி கொட்டிகினு இருந்துச்சு. அடுத்த வண்டி வர்ற நேரம். மாமாவுக்கு போன் போட்டேன். அவரு லைன்ல இருந்தது எங்கூட இல்ல, ஸ்டேஷன்ல பேசிகினு இருந்தாரு. வண்டி நின்னுச்சு. அரிச்ச எடத்துக்கு என் வூட்டு வழியாத்தான் போவணும். வந்த வழியில அம்மாவ தூக்கிவுட்டாரு.”

அவள் பார்க்காமல் இருந்திருந்தால் ஒரு ரயில் நிறைய ஜனம் என்ன ஆகியிருக்கும்? வண்டிகள் நிற்காமல் இருந்திருந்தால் நாங்கள் எந்த வழியாக வந்திருப்போம்? நான் என் வீட்டு மாடியில் நின்று குடையை அளந்துகொண்டிருந்த நேரத்தில் அவள் இதைச் செய்திருக்கிறாள்.

இதைக் கேட்டதும் என் பொறாமை போயிருக்க வேண்டும். போகவில்லை. அதுவரை அவளைப் பற்றி மட்டமாக நினைக்க எனக்கு ஒரு சந்து இருந்தது, அதுவும் அடைபட்டுவிட்டது. அவள் நல்லவள், கெட்டிக்காரி, துணிச்சல்காரி. அவரோடு சேர்ந்து நடக்க அவளுக்குத்தான் எல்லாத் தகுதியும் இருக்கிறது என்று எனக்கே தோன்றிவிட்டது. அது முட்டிக் காயத்தைவிட வலித்தது. பொட்டலத்தைப் பிரிக்காமல் அவளிடமே நீட்டினேன். “நீ துண்ணு அக்கா, மயக்கம் வரும்,” என்று பிரித்து என் கையிலேயே வைத்தாள்.

மண்டபத்துக்கு வந்த ஆறாம் நாள் வீடு திரும்பினோம். சுவரில் இடுப்பளவு சேற்றுக்கோடு. கொஞ்ச நாளில் ஸ்டேஷனில் அவளைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். என் கணவர் போட்டோ எடுத்தார். நானும் கைதட்டினேன், மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே.

அடுத்த மழைக்கு முன்னால் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு கூட்டம். ரயில்வேயிலிருந்தும் தாலுகா அலுவலகத்திலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். வெள்ளம் வந்தால் ஊரை வெளியேற்றும் வழியாக அந்த மேட்டையே வைத்துக்கொள்வது, ஏறுவதற்கு இரண்டு இடத்தில் படி கட்டுவது, ஸ்டேஷனிலிருந்து வண்டி நின்றுவிட்டது என்று தகவல் வராமல் ஒருவரும் காலெடுத்து வைக்கக் கூடாது, டிராலியில் யார் யார் போக வேண்டும் என்றெல்லாம் எழுதினார்கள். கடைசியில் அதிகாரி தலை நிமிர்ந்து கேட்டார்.

“முன்னால வழிகாட்டிப் போக ஒரு ஆள் வேணும். யாரு போறீங்க?”

என் கணவர் வாயைத் திறந்தார். என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும். அவர் வாயிலிருந்து அவள் பேச்சு வருவதை என்னால் தாங்க முடியாது.

“அவதான் போவணும்,” என்று நான் எழுந்து அவளைக் காட்டினேன். “எங்கள எல்லாம் அன்னிக்கு அவதான் கூட்டினு போனா. அவள வுட்டா வேற ஆள் இல்ல.”

கூட்டம் கைதட்டியது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணமான புதிதில் பார்த்த மாதிரி, நின்று, முழுதாகப் பார்த்தார். எல்லோரும் நினைத்ததுபோல் பெருந்தன்மையால் நான் எழுந்திருக்கவில்லை. அவர் பேச்சை முந்தத்தான் எழுந்தேன், அந்தப் பார்வைக்காகவும்தான். கிடைத்ததும் உட்கார்ந்துகொண்டேன்.