லோர்னா சுற்றிய காயில்

என் தம்பி எல்மரின் முகம் அட்டைப்பெட்டியில் அச்சாகி ஊர் ஊராகப் போகிறது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. மேலே தொப்பி, தாடி, கையில் இடுக்கியோடு எல்மர் சிரிக்கிறான். கீழே 'எல்மரின் கைவேலை' என்று போட்டிருக்கும். உள்ளே ஒரு ஜோடி காயில், அதாவது கம்பிச்சுருள். வேப் என்கிற மின் சிகரெட் பிடிக்கிறவர்கள் அதைத் தங்கள் கருவிக்குள் திருகிப் பூட்டி, நடுவில் பஞ்சைச் செருகி, வாசனைத் திரவத்தை விட்டுப் பொத்தானை அமுக்குவார்கள். கம்பி சூடேறும், பஞ்சிலிருக்கும் திரவம் ஆவியாகும், அதை இழுத்து ஊதுவார்கள். இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று ஆரம்பத்தில் நானும் கேட்டவள்தான்.

அந்தப் பெட்டிக்குள் இருந்த காயிலை எல்மர் இரண்டு வருடமாகச் சுற்றவே இல்லை. சுற்றியதெல்லாம் அவன் மனைவி லோர்னா. இது அவர்கள் இருவருக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்திருந்தது. நான் அடுத்த வீட்டில் இருக்கிறேன், பெட்டி மடித்துக் கொடுக்கிறேன். எனக்குத் தெரியாமல் அந்த வீட்டில் முட்டைகூடப் பொரியாது.

லோர்னா மணிலாவுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் மெய்க்கவாயனில் பிறந்து வளர்ந்தவள். இந்த ஊரில் தெருவுக்கு ஒரு நகைப்பட்டறை உண்டு. பள்ளிக்கூடம் முடித்த கையோடு அவள் ஒரு பட்டறையில் சேர்ந்து சங்கிலிக்கு வளையம் கோத்தாள். இடதுகைக்காரி. பக்கத்தில் இருப்பவர்களுக்கு முழங்கை இடிக்கிறது என்று பலகையின் கடைசியில் இடம் போட்டுக் கொடுத்தார்களாம். அங்கே உட்கார்ந்து யாரோடும் பேசாமல் பழகியவள், கல்யாணத்துக்குப் பிறகும் அப்படியே இருந்தாள். பட்டறைப் பெண்களைத் தினமும் டிரைசைக்கிளில், பக்கக் கூண்டு வைத்த மோட்டார் சைக்கிளில், ஏற்றி இறக்கியவன் என் தம்பி. அவனுக்கு வாய் ஓயாது, அவளுக்கு வாய் திறக்காது. ஜோடி நன்றாகத்தான் பொருந்தியது.

எல்மர் அப்போது சிகரெட்டை ஊதித் தள்ளுவான். முதல் குழந்தை பிறந்ததும் அதை விட்டுவிட்டு வேப்புக்கு மாறினான். மாறியவன் சும்மா இருந்தானா? கடையில் விற்கும் காயில் சரியில்லை என்று தானே சுற்ற ஆரம்பித்தான். இரண்டு மூன்று மெல்லிய கம்பிகளைச் சேர்த்து டிரில்லில் மாட்டி, அது சுழலச் சுழல முடியைவிட மெலிந்த இன்னொரு கம்பியை மேலே இடைவெளி விடாமல் ஓட்ட வேண்டும். பிறகு அந்த மேல் கம்பியை உருவி இழுத்து, நெளிநெளியாக வந்ததை மறுபடியும் புதுக் கம்பிகளின் மேல் சுற்ற வேண்டும். கம்பி அப்போது பின்னல் போட்ட மாதிரி இருக்கும். அதைச் சின்னக் குச்சியில் சுருட்டினால் காயில். எல்மர் அதில் கெட்டிக்காரன், பொய் சொல்லக்கூடாது. மணிலாவில் நடந்த போட்டியில் கோப்பை வாங்கினான். ரேடியோப் பெட்டி மேல் அந்தக் கோப்பை நின்றது. அவன் தூசி தட்டும் ஒரே பொருள் அதுதான்.

பிறகு ஒரு மழைக்காலத்தில், தண்ணீர் நின்ற சாலையில் பள்ளம் தெரியாமல் மோட்டார் சைக்கிளோடு விழுந்தான். வலது மணிக்கட்டில் தகடு வைத்தார்கள். கரண்டி பிடிக்கலாம், வண்டி ஓட்டலாம், கோழிச் சண்டையில் கை தட்டலாம். முடியளவுக் கம்பியைச் சுழலும் டிரில்லுக்கு முன்னால் ஆடாமல் பிடிக்க மட்டும் முடியவில்லை. கம்பி விலகும், குவியும், அறுந்து போகும். அவன் டிரில்லைச் சுவரில் எறிந்த நாளில் லோர்னா அதை எடுத்து, உடைந்த மூடியை ஒட்டி, தன் முன்னால் வைத்துக்கொண்டாள். அதுவரை அவள் செய்தது பஞ்சு வேலை மட்டும்தான்.

பஞ்சு வேலையும் லேசுப்பட்டதில்லை. கடைக்காரர்கள் கருவியோடு கொடுத்தால் பூட்டி, பஞ்சு வைத்தே திருப்பித் தர வேண்டும். இறுக்கமாகச் செருகினால் திரவம் ஏறாமல் பஞ்சு கருகும், முதல் இழுப்பிலேயே தொண்டை எரியும். தளர்வாக வைத்தால் வாயில் தெறிக்கும். பஞ்சைச் சுருளுக்குள் இழுக்கும்போது லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும், கம்பி நெளியக்கூடாது. லோர்னா பஞ்சின் நுனியைச் சீவி, வெட்டி, கீழே மடித்து விடுகிற வேகத்தைப் பார்த்தால் பெண்ணுக்குத் தலை பின்னுகிறாளோ என்று இருக்கும்.

காயில் சுற்றுவதில்தான் சிக்கல் வந்தது. லோர்னா தன் போக்கில் சுற்றினால் சுருள் எல்மரின் சுருளுக்கு நேர் எதிராக ஓடியது, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. சுருள் மாறினால் காயிலின் இரண்டு கால்களும் கருவியின் துளைக்கு நேராக வராது, எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். எல்மரின் காயில் எந்தப் பக்கம் ஓடும் என்பது வாங்குகிறவர்களுக்கு மனப்பாடம். அதனால், நான் சுற்றுகிற மாதிரியே சுற்று என்று சொல்லிவிட்டான். அவளும் சுற்றினாள். தன் கைப்போக்குக்கு எதிராக, மணிக்கட்டை உள்பக்கம் முறுக்கி, தோளைத் தூக்கிக்கொண்டு. இடதுகைக்காரர் யாரையாவது ஒரு நாள் முழுக்க வலது கையால் எழுதச் சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும் அந்தப் பாடு.

காலையில் பிள்ளைகளுக்குச் சோறும் கருவாடும் வறுத்து அனுப்பிவிட்டு உட்கார்ந்தால், சாயங்காலம் அவர்கள் வரும்வரை டிரில் இரைந்துகொண்டே இருக்கும். எல்மர் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். பேசினான். போனைத் தூக்கிப் பிடித்து நேரலையில் அவள் சுற்றிய காயிலைச் சூடேற்றிக் காட்டுவான். நடுவிலிருந்து இரண்டு ஓரத்துக்கும் ஒரே சீராகச் சிவக்கும். இதுதான் என் கை என்பான். எல்மர் அண்ணே, எல்மர் அண்ணே என்று போன் திரையில் கீழே இதயப் படமாகக் கொட்டும். லோர்னா அந்த நேரத்தில் சமையல்கட்டில் அரிசி களைந்துகொண்டிருப்பாள். அவன் கெட்டவனில்லை. அவள் தோளுக்குத் தைலம் தேய்த்து விடுவான், துணி துவைப்பான், பிள்ளைகளைக் குளிப்பாட்டுவான். அந்தப் பெயர் ஒன்றை மட்டும் விடமாட்டான். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

போன வருடக் கோடையில் அவளுக்கு விரல் மரத்துப்போக ஆரம்பித்தது. காப்பிக் குவளை கையில் இருப்பது தெரியாமல் இரண்டு தடவை போட்டு உடைத்தாள். அப்போதுதான் முதன்முதலாக அவள் வாய் திறந்து ஒன்று கேட்டதை நான் பார்த்தேன். நான் பெட்டி மடித்துக்கொண்டிருந்தேன், என்னை ஆளாக மதித்தே இருவரும் பேசவில்லை.

"ஒரே ஒரு வார்த்தை சொல்லுப்பா. என் கை போச்சு, இனிமே கொஞ்சமாத்தான் முடியும்னு. நான் சுத்துறேன்னுகூட நீ சொல்ல வேணாம்."

"சொன்னா அப்புறம் யாரு வாங்குவா? என் பேருக்குத்தான் வாங்குறாங்க."

"உன் பேரு நல்லாத்தான் தூங்குது. எனக்குத்தான் தூக்கமில்ல."

அவன் கோபித்துக்கொண்டு வெளியே போய்விட்டான். அவள் அடுத்த கம்பியை மாட்டினாள். அதற்குப் பிறகும் இரண்டொரு தடவை கேட்டாள். இந்தத் திருவிழா போகட்டும், இந்தக் கிறிஸ்துமஸ் போகட்டும் என்றான். ஆர்டர் குறையவில்லை. அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். பஸ்ஸில் உட்கார்ந்தால் தூங்குவாள், பூசையில் மண்டியிட்டபடி தூங்குவாள், என் வீட்டுக்கு உப்பு வாங்க வந்தவள் கதவில் சாய்ந்து தூங்கியிருக்கிறாள். எனக்கு எரிச்சலாக வரும். யார் மேல் என்று கேட்டால் இரண்டு பேர் மேலும்தான். நீயாவது டிரில்லைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனால் என்ன என்று கேட்டிருக்கிறேன். "போனா அவரு உடைஞ்சிடுவாருக்கா" என்பாள்.

பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால் எத்தனை நாளைக்கு மறையும்? சின்னவளுக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில் அது வெளியே வந்தது. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து லோர்னாவுக்குக் கண் உள்ளே போய்விட்டது. காய்ச்சல் விட்டதும் பாக்கி ஆர்டரை முடிக்க உட்கார்ந்தாள். மூளை தூங்கிவிட்டது போல, கை தன் போக்குக்குப் போய்விட்டது. அன்று சுற்றியது முழுக்க அவளுடைய பிறவிக் கைப்போக்கில் ஓடியிருந்தது. அவளும் கவனிக்கவில்லை. எனக்குக் காயில் என்றால் எல்லாம் ஒரே காயில்தான், போட்டு மூடிவிட்டேன். எல்மர் பார்க்காமலே கூரியருக்குக் கொடுத்துவிட்டான்.

கலோக்கானில் மொத்தக்கடை வைத்திருக்கும் ரோமுலோ மறு வாரமே வந்துவிட்டார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். கூட அவர் கடைப் பையன்கள் மூன்று பேர், நேரலையில் பார்த்த எல்மர் அண்ணனை நேரில் பார்க்கிற ஆசையில் தொற்றிக்கொண்டு வந்தவர்கள். ரோமுலோ நல்ல மனுஷர், சத்தம் போடவில்லை. பையிலிருந்து பெட்டிகளை எடுத்து மேசையில் வைத்தார். ஒரு காயிலைத் தன் கருவியில் வைத்துக் காட்டினார். கால் இரண்டும் துளைக்கு எதிர்ப்பக்கம் நின்றன. வளைத்துக் கொண்டுவந்தால் மூடியில் உரசிப் பொறி பறக்கிறது, வாங்கினவர்கள் எல்லாம் கொண்டுவந்து கடையில் வீசுகிறார்கள் என்றார். பிறகு கேட்டார்:

"எல்மர், இது உன் சுத்து இல்லையே. யாரு சுத்தினது?"

லோர்னா துவைத்த துணியோடு பின்வாசலில் நின்றாள். நான் என் தம்பியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. சொல்லிவிடு என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"அது லோர்னா சுத்தினதுண்ணே" என்றான் எல்மர். "சும்மா பழகிப் பாக்குறேன்னு சுத்தினா. தெரியாம பெட்டிக்குள்ள போயிடுச்சு. மத்ததெல்லாம் நம்ம கைதான்."

கையில் கரண்டி இருந்திருந்தால் வீசியிருப்பேன். அவ்வளவு காலம் அவள் சுற்றிய எதிலும் அவள் பெயர் இல்லை. கெட்டுப்போன பெட்டிகளைத் தூக்கி அவள் பெயரில் வைத்தான். பையன்களில் ஒருவன் சிரித்துவிட்டு, அண்ணி, நீங்க சமையல மட்டும் பாத்துக்குங்க என்றான்.

லோர்னா துணியைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். "ஆமாண்ணே, நான் சுத்தினதுதான்" என்றாள் ரோமுலோவிடம். "உங்களுக்கு மாத்தித் தரணும்ல. இவரே சுத்தித் தருவாரு. உக்காருங்க."

குத்தலாகச் சொன்னாள் என்று நினைக்காதீர்கள். அவள் குரலில் எதுவும் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. டிரில்லின் பிளக்கைச் செருகினாள், கம்பியை நேராக்கி மாட்டினாள், குச்சியையும் இடுக்கியையும் அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். "எனக்கு முடியலக்கா" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு, திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.

பையன்கள் ஆளுக்கொரு போனைத் தூக்கினார்கள். எல்மர் அண்ணன் நேரில் சுற்றுவதை ஊர் பார்க்க வேண்டாமா? எல்மர் உட்கார்ந்தான். டிரில் இரைந்தது. கம்பி நாலு சுற்று ஒழுங்காகப் போய், ஐந்தாவதில் விலகி, குவிந்து, அறுந்தது. நேற்று மழையில் நனைந்தேன், கை விறைத்துவிட்டது என்றான். மறுபடியும் மாட்டினான். மறுபடியும் அறுந்தது. ரோமுலோ அவன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையன்கள் பக்கம் திரும்பி, "போனைக் கீழ வைங்கடா" என்றார்.

எல்மர் டிரில்லை மேசையில் வைத்தான். இந்தத் தடவை எறியவில்லை.

"முடியாதுண்ணே. ரெண்டு வருஷமா என்னால முடியல. நீங்க வாங்கினது எல்லாமே அவ சுத்தினது. என் பக்கத்துக்குச் சுத்தச் சொல்லி அவ கையைக் கெடுத்ததும் நான்தான். இந்தப் பெட்டிங்க மட்டுந்தான் அவ கை போன போக்குல வந்திருக்கு."

திரைச்சீலையைப் பார்த்துத்தான் சொன்னான், உள்ளே கேட்கட்டும் என்று உரக்க. நடுவில் அழுதுவிட்டான். அதற்கு முன்னால் அவன் அழுது நான் பார்த்தது எங்கள் அம்மா செத்த அன்றைக்குத்தான். பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கூப்பிடும்மா அவளை என்றார் ரோமுலோ என்னிடம்.

நான் உள்ளே போனேன். லோர்னா படுக்கைவரைகூடப் போகவில்லை. தரையில், மடித்து வைத்த போர்வையில் தலை வைத்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கிடந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. இடது கை விரல்கள் தூக்கத்திலும் துடித்தன. மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அசையவில்லை. அவன் சொன்னதில் ஒரு சொல்லும் அவள் காதில் விழவில்லை.

வெளியே வந்து தூங்குகிறாள் என்றேன். எல்மர் எழுந்து நின்றான்.

"எழுப்புக்கா. அவ முன்னால இன்னொரு தடவை சொல்றேன்."

"போன வருஷம் அவ கேட்டா, நீ சொல்லல. இப்ப நீ சொல்ற, அவ கேக்கல. அதுக்காக எழுப்புவியா? உக்காருடா."

அவன் உட்கார்ந்தான். ரோமுலோ எட்டிப்போய் டிரில்லின் பிளக்கைப் பிடுங்கினார். அன்றைக்கு அவள் எழுந்திருக்கும்வரை அந்த வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை.