சத்தியமங்கலத்திலிருந்து வந்த சிவப்பு சைக்கிள்

தொண்ணூற்று நாலோ ஐந்தோ இருக்கும். பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு மோட்டார் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. லேத்தில் கடைந்து வரும் இரும்புத் தண்டுகளை, அதாவது ஷாஃப்டுகளை, அளந்து, மயிரிழை கூடியிருந்தாலும் தூக்கி ஓரமாகப் போடுவேன். லேத் ஓட்டுகிறவர்கள் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

அந்த வருடம் கோவையில் பெண்களுக்கு ஒரு சைக்கிள் பந்தயம் அறிவித்தார்கள். தினமும் அண்ணனின் பழைய சைக்கிளில் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்த எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது. அப்பா வேண்டாவெறுப்பாகச் சம்மதித்தார். தை பிறந்தால் மாப்பிள்ளை பார்க்கப் போகிறோம், இந்த ஒரு தடவைதான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ரேஸ் சைக்கிள் கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் என் ஆசை அத்தோடு சரி.

பக்கத்து ஊரில் ஒருவர் தன் ரேஸ் சைக்கிளை விற்பதாகக் கேள்விப்பட்டு அண்ணனும் நானும் போனோம். முன்பு பந்தயங்களில் ஓட்டியவர். வாசல்படியில் குனிந்துதான் வெளியே வந்தார், அவ்வளவு உயரம். நீல வண்டி, வளைந்த ஹேண்டில், பளபளவென்று வைத்திருந்தார். பார்த்ததுமே மனசு அதோடு போய்விட்டது. ஏறினால் கால் எட்டவில்லை. சீட்டை அடிவரை இறக்கியதும் பெடல் எட்டியது, ஆனால் பிரேக்கைப் பிடிக்கப் படுக்காத குறையாக முன்னால் சாய வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் செருப்பு முதல் ஜாக்கெட் வரை எல்லாமே ஒரு சைஸ் பெரிதாகத்தான் வாங்குவார்கள். அந்தப் பழக்கத்தில், "செரியா இருக்குதுங்க" என்று கூசாமல் சொன்னேன். "ஓட்ட ஓட்டப் பழகிக்குமுங்க" என்று அண்ணனும் ஒத்து ஊதினான்.

அவர் தலையை ஆட்டினார். "சீட்டை எறக்கலாமுங்க அம்மணி. வண்டி நீளத்தை என்னங்க பண்றது? இது உங்களுக்கு ஆகாதுங்க. நான் தர மாட்டேன்."

எனக்குச் சுருக்கென்று வந்தது கோபம். "பொம்பளை ஓட்டறது புடிக்கலைன்னா நேராச் சொல்லிப்போடுங்க!" என்று கத்திவிட்டேன்.

அவர் அசரவில்லை. எந்த ஊர், நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அண்ணனிடம் விசாரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, ஓவர்சைஸ் ஷாஃப்ட் வந்தா, பழகிக்கும்னு உட்டுருவீங்களா?"

இரும்பை அளந்து அளந்து ஒதுக்குகிறவள், என் கை காலை அளக்க மறந்திருந்தேன். வீடு திரும்பும் வழியெல்லாம் அழுகை. வெட்கத்தில் பாதி, பந்தயம் போச்சே என்று பாதி.

அடுத்த ஞாயிறு மதியம் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். அவர்தான். ஒரு சின்னச் சிவப்பு ரேஸ் சைக்கிளில், முழங்கால் இரண்டும் ஹேண்டிலில் இடிக்க உட்கார்ந்திருந்தார். சத்தியமங்கலத்தில் அவருடைய பழைய கூட்டாளி வீட்டில் சும்மா கிடந்ததாம். காலையில் பஸ்ஸில் போய், அங்கிருந்து அத்தனை தூரமும் அதையே மிதித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"பஸ்ஸு மேல போட்டா வீல் கோணிக்குமுங்க" என்றார் முழங்காலைத் தேய்த்தபடி. "ஆகாத வண்டி எப்பிடி இருக்கும்னு இன்னைக்கு எனக்கும் நல்லாத் தெரிஞ்சுபோச்சுங்க. ஏறிப் பாருங்க அம்மணி."

ஏறினேன். கை நீட்டிய இடத்தில் பிரேக் இருந்தது. கூட்டாளி சொன்ன விலையை அண்ணன் கொடுத்தான்; தனக்கென்று அவர் வாங்கிக்கொண்டது ஒரு சொம்பு மோர்தான். அன்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க நினைத்தேன். சொம்பை நீட்டும்போது கண்ணீர்தான் வந்தது.

பந்தயத்தில் நாலாவதாக வந்தேன். பரிசு ஒன்றும் இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த அப்பா வண்டியை வாங்கிப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வருசமும் பேரு குடுத்துரு கண்ணு" என்றார்.

இன்றும் யாராவது 'இது உனக்கு ஆகாது' என்றால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அப்புறம், எனக்கு ஆகிற ஒன்றுக்காக முழங்கால் இடிக்க இடிக்கச் சத்தியமங்கலத்திலிருந்து மிதித்து வந்த அந்த உயரமான மனிதர் நினைவுக்கு வருகிறார், வாயை மூடிக்கொள்கிறேன்.