எவாரிஸ்தோவின் சாட்சியம்

எவாரிஸ்தோ ஓயார்சூனை எனக்குப் பிடிக்காது. பதினொரு ஆண்டுகளாகப் பிடிக்காது. வால்பரைசோவில் எங்கள் மலைச்சரிவில் இதை வாய்விட்டுச் சொன்னால் தெருநாய்கூட நம்மைப் பார்த்துக் குரைக்கும். அத்தனை நல்ல பெயர் அவருக்கு.

ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் ஞாயிற்றுக்கிழமைக் கால்பந்துப் போட்டிகளில் அவர் இன்னொரு மன்றத்தின் முன்கள ஆட்டக்காரர். நான் எங்கள் மன்றத்தின் தடுப்பாட்டக்காரன். பந்து தன் காலில் பட்டுத்தான் வெளியே போனது என்று நடுவரிடம் அவரே போய்ச் சொல்வார். ஒருமுறை கோல் அடித்துவிட்டு, "கையில பட்டுது, குடுக்காதீங்க" என்றார். அன்று அவர் அணி தோற்றது. தோற்றவர்களே அவர் தோளில் கைபோட்டுக்கொண்டு போனார்கள்.

எதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்று நம்புகிறவன் நான். அவருடைய நல்ல குணத்துக்கும் காரணம் தேடினேன். கம்பிவடம் இழுக்க, தண்டவாளத்தில் ஆட்களை மலையேற்றி இறக்கும் பெட்டியை இயக்குவது அவர் வேலை. நாள் முழுக்க உட்கார்ந்து ஒரு பிடியைத் தள்ளுகிறவருக்குப் பொறுமை ஏன் இருக்காது? துறைமுகத்தில் என்னைப்போல் முப்பது ஆண்டு சரக்கு தூக்கிப் பார்க்கட்டும். தவிர, முன்களத்தில் நிற்பவன் யாரையும் தடுக்க வேண்டியதில்லை. அவன் நியாயமாக இருப்பதில் என்ன பெருமை?

என் மனைவி ஹெர்மினியா இதைக் கேட்டுச் சிரித்தாள். "அவரு நல்லவரா இருக்கறதுக்கு நீ ஏன்யா இவ்ளோ கஷ்டப்படுற?"

போன நவம்பரில் எனக்கு அறுபத்தொன்று. முழங்கால் தேய்ந்துவிட்டது, இந்த ஆண்டோடு சரி என்று மருத்துவர் சொல்லிவிட்டார். என் வாழ்நாளில் ஓர் இறுதியாட்டத்தில்கூட நான் ஆடியதில்லை. இம்முறை எங்கள் அணி அரையிறுதிக்கு வந்துவிட்டது. அதற்குமுன் மிச்சமிருந்த கடைசி லீக் ஆட்டம், எங்களைப்போலவே அரையிறுதிக்கு வந்துவிட்ட எவாரிஸ்தோவின் அணியோடு.

என் இரண்டு கால்களுக்கு நடுவே பந்தைத் தள்ளிவிட்டு அவர் தாண்டிப் போனார். போகிறபோக்கில், "மன்னிச்சுக்குங்க நொல்பெர்த்தோ" என்றார். அந்த மன்னிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திரும்பி, கணுக்காலைப் பார்த்து உதைத்தேன். நடுவர் சிவப்பு அட்டையைக் காட்டினார்.

செவ்வாய்க்கிழமை மாலை, எல்லா மன்றங்களுக்கும் பொதுவான சங்கத்தின் கட்டடத்தில் விசாரணை. உதைபட்டவனையும் கூப்பிடுவார்கள். "தெரியாம பட்டுது" என்று அவன் சொல்லிவிட்டால் ஓர் ஆட்டம்தான் தடை. எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். நாளைக்கு நாமும் ஒருவனை உதைப்போம் அல்லவா. வேண்டுமென்றே உதைத்ததாக முடிவானால் ஐந்து ஆட்டம். இந்த விதி சங்கத் தலைவர் அமாதோர் லெய்வாவின் மச்சான் ரெமிஹியோவுக்கு மட்டும் கிடையாது. மே மாதம் அவன் ஒரு செருப்புத் தைப்பவரின் காலை முறித்தான். வேண்டுமென்றே செய்தான் என்று நடுவரே எழுதிக் கொடுத்தும் ஓர் ஆட்டம்தான் தடை. விதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பொதுக்குழுவில் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் உட்காரச் சொன்னார்கள்.

"சொல்லு நொல்பெர்த்தோ, என்ன ஆச்சு?" என்றார் லெய்வா.

நியாயம் நியாயம் என்று தொண்டை கிழியக் கத்துகிற நான் சொன்னேன்: "தரை ஈரமா இருந்துச்சு. கால் வழுக்கிடுச்சு."

மூன்று வாரமாக ஒரு தூறல்கூட இல்லை. பின்வரிசையிலிருந்து ஒருவன், "ஆமாமா, அவரு துப்புன எச்சில்லயே வழுக்கியிருக்கும்" என்றான்.

எவாரிஸ்தோ நொண்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். வீக்கத்தால் ஒரு காலில் ஷூவுக்குப் பதில் வீட்டுச் செருப்பு.

"தெரியாம பட்டதுதானே?" என்று லெய்வா கேட்டார்.

"இல்லீங்க. வேணும்னேதான் உதைச்சாரு."

லெய்வா பேனாவை எடுத்தார். "அப்ப அஞ்சு."

என் இறுதியாட்டம் அந்தப் பேனா முனையில் முடிந்தது என்று நினைத்தேன்.

"ரெமிஹியோவுக்கு எத்தன போட்டீங்க?" என்றார் எவாரிஸ்தோ.

"அது வேற விஷயம்ங்க."

"அவரும் வேணும்னேதான் உதைச்சாரு. அங்க எலும்பு முறிஞ்சுது, இங்க வெறும் வீக்கம். அவருக்கு ஒண்ணுன்னா இவருக்கும் ஒண்ணு போடுங்க. இல்ல, ரெண்டு பேருக்கும் அஞ்சு போடுங்க."

ஒருவரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. "நியாயந்தானே" என்று எச்சில் கதை சொன்னவனே முணுமுணுத்தான். லெய்வா என் பெயருக்கு எதிரே ஒன்று என்று எழுதினார்.

நான் மூன்று முறை கேட்டது. அதே கேள்வி. என் வாயிலிருந்து வந்தபோது அது கலகம், அவர் வாயிலிருந்து வந்தபோது நியாயம்.

வாசலில் அவரை மறித்தேன். "இத நான் அன்னிக்குப் பொதுக்குழுவுல சொல்லும்போது நீங்களும் இருந்தீங்கதானே?"

"இருந்தேன். நீங்க சொன்னதத்தான் இன்னிக்குச் சொன்னேன்."

"அப்ப அன்னிக்கு ஏன் வாயத் தொறக்கல?"

"பயந்துட்டேங்க. தலைவர் வீட்டு ஆளாச்சே."

பதினொரு ஆண்டு தேடிய குறை கடைசியில் கிடைத்துவிட்டது: கனவான் ஒரு கோழை. ஆனால் அதை மறைக்க ஒரு நொடிகூட அவர் முயலவில்லை. சற்று முன்னால் ஈரத் தரை என்று புளுகிய எனக்கு அந்தக் குறைமீதும் பொறாமை வந்தது.

நான் இல்லாமலே எங்கள் அணி அரையிறுதியில் வென்றது. இறுதியில் ஆட்டத்தின் எழுபது நிமிடமும் ஆடினேன். எதிரணி அவருடையதுதான், வீக்கம் வடிந்து அவரும் இறங்கியிருந்தார். அவரை ஒருமுறைகூட உதைக்கவில்லை. ஒன்றுக்குச் சுழியம் என்று தோற்றோம். அந்த ஒரு கோல் அவர் அடித்தது, என்னைத் தாண்டிப் போய். சுத்தமான கோல். அதில் குறை ஒன்றும் இல்லை. நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டேன்.