இடது கதவு

வெயில் ஏறினால் அந்த வண்டியின் இருக்கைகளிலிருந்து புகைபோட்ட ரப்பரின் மணம் எழும். தோலை மாற்றியாகிவிட்டது. பஞ்சை மாற்றியாகிவிட்டது. அடித்தகட்டைச் சுரண்டிப் புதுச் சாயம் பூசியாகிவிட்டது. மணம் மட்டும் இறங்க மறுத்துவிட்டது. ஈப்போவின் ஓரத்தில், சுண்ணாம்புக் குன்று ஒன்றின் அடியில் இருக்கும் பழைய கிடங்கின் முற்றத்தில், ஏலத்துக்கு வந்த வண்டிகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தேன். கண்ணுக்கு முன்பே மூக்கு அதைக் கண்டுபிடித்தது. புளிப்பும் கரியும் கலந்த மணம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அது நாற்றமும் இல்லை, வாசனையும் இல்லை. உடம்பில் கிடக்கும் சட்டை மாதிரி.

அண்ணன் வண்டிக்கு அருகே நின்று முன்மூடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். பக்கத்திலேயே ஒரு பறவையின் எச்சம் அப்படியே இருந்தது.

"வந்துட்டியா? சாப்டியா?"

"சாப்டேண்ணே."

"ஒங்கண்ணி எங்க?"

"ஒங்களுக்கு நேராத்தான் நிக்கிறாங்க."

அண்ணி கொஞ்சம் தள்ளி, குடையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார்.

"தெரியுது, தெரியுது. சும்மா கேட்டேன்."

"ஆமா, தெரியுது," என்றார் அண்ணி. "காலைல மூட்டுவலி மருந்த எடுத்துப் பல்லு வெளக்கினாரு. அதுவும் தெரிஞ்சிதான்."

இங்கிலாந்தில் செய்த, இருவர் மட்டும் உட்காரும் வண்டி. நீண்ட மூக்கு, கம்பிச் சக்கரங்கள், கரும்பச்சை நிறம். துணிக்கூரை இருந்த இடத்தில் இரண்டு கொக்கிகள்தான் மிச்சம். சாயங்காலமானால் மழை கொட்டும் ஊரில் கூரையில்லாத வண்டியை வைத்துக்கொண்டு, மழையங்கியோடு புந்தோங் தெருக்களில் போய் வந்தவர் அண்ணன். அண்ணி அதில் ஏறியது ஒரே ஒரு முறை. "கோயிலுக்குத்தானேன்னு ஏறினேன். கொண்ட அவுந்து பேய் மாதிரி போய் எறங்கினேன். ஐயரு என்னப் பாத்துட்டு விபூதிய ரெண்டு தடவ குடுத்தாரு," என்று யார் வந்தாலும் சொல்வார்.

வண்டி அவருக்குக் கிடைத்தது ஓர் இடிபாட்டில். சித்தியவான் போகும் சாலைக்கு உள்ளே ஒரு ரப்பர்த் தோட்டம். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, பின்பு செம்பனையும் போய் வீடுகள் கட்டத் தொடங்கியபோது, பழைய கட்டடங்களின் இரும்பை ஏற்றிப் போக அண்ணனின் லோரியைக் கூப்பிட்டிருந்தார்கள். ரப்பர்த் தகடுகளைப் புகைபோட்டுக் காயவைக்கும் உயரமான கட்டடத்தில், மூங்கில் கழிகளுக்குக் கீழே, சாக்கு மூடிக் கிடந்தது இது. எந்தத் துரை விட்டுப்போனது என்று யாருக்கும் தெரியவில்லை. சக்கரங்கள் மண்ணில் புதைந்து, இருக்கைக்குள் கோழி முட்டையிட்டிருந்தது. இரும்பு வாங்கும் சீனர் சிரித்துவிட்டு, இடத்தை அடைக்காமல் எடுத்துக்கொண்டு போ என்றார். அண்ணன் கோழியை இறக்கிவிட்டு வண்டியை ஏற்றினார்.

அதற்குப் பிறகான வருடங்களை நான் தூரத்திலிருந்து பார்த்தேன். எனக்கு ஓர் ஊரில் கால் தரிப்பதில்லை. ஒவ்வொரு முறை வரும்போதும் வண்டியில் ஏதாவது ஒன்று கூடியிருக்கும். ஒரு கண்ணாடி, ஒரு விளக்கு, பிறகொரு நாள் இருமிக்கொண்டே உயிர் பெற்ற இயந்திரம். வண்டி நிறைந்துகொண்டு வந்த அதே காலத்தில் அவருடைய கண்கள் குறைந்துகொண்டு வந்தன. சர்க்கரை. ஆஸ்பத்திரிக்குப் போனால் இனி ஓட்டக்கூடாது என்று சொல்லிவிடுவார்கள் என்பதால் அவர் போகவே இல்லை. கடைசியில் வண்டியை லெலோங்கில், ஏலத்தில், விட்டுவிடலாம் என்று அவரே ஒரு நாள் சொன்னபோது, அண்ணி தேநீர் ஆற்றிக்கொண்டே இருந்தாராம்.

அண்ணி என்னைக் கிடங்கின் நிழலுக்குக் கூட்டிப் போனார்.

"இங்க பாரு தம்பி. மேடையில வண்டிய ஏத்த இவங்ககிட்டயே ஆளு இருக்காங்களாம். ஒங்கண்ணன் ஸ்டேரிங்கத் தொடக்கூடாது. நீதான் பாத்துக்கணும். நீ சொன்னா கேப்பாரு."

"எப்ப கேட்டிருக்காரு அண்ணி?"

"அதுவும் சரிதான். இருந்தாலும் நீ அவருக்குக் கெலிந்தானா இருந்தவன்லா."

இருந்தேன். இருபது வயதை ஒட்டிய சில வருடங்கள், அண்ணனின் லோரியில். கெலிந்தான் என்றால் ஓட்டுநருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து வருபவன், மூட்டை ஏற்றி இறக்குபவன், எல்லாவற்றையும்விட லோரியின் இடப்பக்கத்துக்குக் கண்ணாக இருப்பவன். இயந்திரச் சத்தத்தில் குரல் எடுபடாது. அதனால் கையை வெளியே தொங்கவிட்டுக் கதவில் தட்டுவேன். உள்ளங்கையால் தொடர்ந்து தட்டினால், வரலாம். விரல் முட்டியால் தட்டினால், இந்தப் பக்கம் இடமில்லை, விலகு. ஓங்கி ஓர் அறை விழுந்தால், நிறுத்து. செம்மண் பாதைகளிலும், ஹுத்தான் மெலிந்தாங்கின் மீன் சந்தைச் சந்துகளிலும் நாங்கள் பேசிக்கொண்ட பேச்சு இவ்வளவுதான். வலப்பக்கத்துக்கு அதில் சொல்லே கிடையாது. "வலது பக்கம் நான் பாத்துக்கிறேன். ஒம் பக்கத்த நீ பாரு," என்பார் அண்ணன், நான் எட்டிப் பார்த்தாலே.

ஏலக்காரர்களின் சட்டை போட்ட ஒரு பெண் வந்து, உரிமையாளரே ஓட்டுகிறாரா, தங்கள் ஆள் ஓட்டட்டுமா என்று மலாயில் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன், "சாயா," என்றார். நான்தான். சாவி ஏற்கெனவே அவர் கையில் இருந்தது. அவள் போய்விட்டாள்.

"அண்ணே, அண்ணி வேணாம்னாங்க."

"ஒங்கண்ணி அன்னிக்கு லோரியே வேணாம்னா. அப்புறம் அதுலதான் எல்லாரும் சோறு சாப்ட்டோம்."

"கண்ணு எப்படி இருக்கு? உண்மையச் சொல்லுங்க."

அவர் துணியை மடித்தார். மடித்ததை மறுபடி மடித்தார்.

"பொகை போடுற கட்டடத்துக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு. ஆளு நடக்கிறது தெரியுது. மூஞ்சி தெரியல."

"அப்புறம் எப்படி ஓட்டுவீங்க?"

"நீ ஏறு."

நான் அசையவில்லை.

"வேற எவனோ ஓட்டிக்கிட்டுப் போவான், நான் பக்கத்துல கையக் கட்டிக்கிட்டு நிக்கணுமா?" குரல் உயரவில்லை. "அங்கேருந்து நான் கொண்டாந்த வண்டிடா. நாந்தான் கொண்டுபோய் விடணும். அது போதும் எனக்கு. அப்புறம் எவன் எடுத்தா என்ன, எடுக்காட்டி என்ன."

தூரம் அதிகமில்லை. ஆள் நடக்கிற வேகம்தான். முற்றத்திலிருந்து கிடங்குக்குள், ஒரு சிறு சரிவில் ஏறினால் மேடை. இரண்டு பக்கமும் கயிறு கட்டி ஆட்களைத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். இவை காரணங்கள். ஏறி உட்கார்ந்த பிறகு யோசித்தவை.

இயந்திரம் இருமியது, பிறகு சீரானது. கதவு மிகவும் தாழ்வாக இருந்ததால் என் இடது கை தானாகவே வெளியே விழுந்தது. உள்ளங்கையால் தட்டினேன். வண்டி நகர்ந்தது. எத்தனையோ வருடம் கழித்து ஒரு கை ஒன்றைச் சொல்கிறது, ஒரு கால் அதைக் கேட்கிறது. இருவரும் முகத்தைத் திருப்பவில்லை. வெளியே இருந்தவர்களுக்கு, நடுத்தர வயது ஆள் ஒருவன் உல்லாசமாகத் தாளம் போட்டுக்கொண்டு வருவதாகத் தோன்றியிருக்கும்.

வாசலில் தூண் நெருங்கியது. முட்டியால் தட்டினேன். விலகினார். அதே மூச்சில் வெயில் அறுந்து கிடங்கின் இருட்டு எங்கள் மேல் விழுந்தது. வண்டி நின்றுபோகிற மாதிரி தயங்கியது.

"தம்பி?"

அவர் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தட்டினேன். வண்டி மறுபடி ஊர்ந்தது.

சரிவின் தொடக்கத்தில், வலப்பக்கம், அழகுக்காக வரிசையாகத் தொட்டிச் செடிகள் வைத்திருந்தார்கள். நான் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. அதற்கு என் கையில் தட்டு இல்லை. வாயால் சொல்லியிருக்கலாம். அந்தக் கணத்தில் வாய் என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வரவில்லை. கடைசித் தொட்டி மெதுவாகச் சாய்ந்து, மண்ணைக் கொட்டிக்கொண்டு உருண்டது. ஓங்கிக் கதவில் அறைந்தேன். நின்றது.

ஏலம் விடுபவர் ஒலிபெருக்கியில், இந்த வண்டியை எடுப்பவருக்குச் செடி இலவசம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். கூட்டம் சிரித்தது. அண்ணனும் சிரித்தபடி கையை உயர்த்தி ஆட்டினார், கூட்டம் இருந்த பக்கத்தில் இல்லை, அடுக்கி வைத்திருந்த காலி நாற்காலிகளைப் பார்த்து.

பிறகு உதடு அசையாமல் சொன்னார்.

"வலது பக்கமும் சொல்லு."

சொன்னேன். "கொஞ்சம் எம் பக்கம் வாங்கண்ணே. போதும். நேரா. நேரா." சரிவில் ஏறினோம். மேடையின் நடுவில் வெள்ளைக் கோடு. அறைந்தேன். இயந்திரத்தை அணைத்தார். கோட்டின் மேல், கோணாமல், நின்றது வண்டி. இறங்கும்போது அவர் சட்டையின் முதுகு நனைந்திருந்தது.

ஏலம் சீக்கிரம் முடிந்தது. கைகள் உயர்ந்தன, சில தாழ்ந்தன, ஒன்று மட்டும் நின்றது. தைப்பிங்கிலிருந்து வந்திருந்த சீனப் பல் மருத்துவர். முற்றத்துக்குத் திரும்ப வந்த வண்டியில் ஏறி உட்கார்ந்து, ஸ்டேரிங்கைத் தடவி, மூக்கைச் சுருக்கி, இது என்ன வாடை என்று மலாயில் கேட்டார்.

"கெத்தா," என்றார் அண்ணன். ரப்பர்.

போய்விடுமா என்று கேட்டார் மருத்துவர்.

"போகாது."

அவர் இன்னொரு முறை முகர்ந்துவிட்டு, சரி என்று தலையாட்டினார்.

அண்ணி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"பாத்துக்கன்னு ஒங்கிட்டச் சொன்னா, நீயும் ஏறி ஒக்காந்துக்கிட்டு மேளம் அடிச்சிக்கிட்டு வர்ற. பாவம், அந்தப் பூத்தொட்டி என்ன பண்ணுச்சு?"

"நேரா நிறுத்தினேன்ல?" என்று அண்ணன் கேட்டார், குரல் வந்த திசையைப் பார்த்து.

"நிறுத்தினீங்க." அண்ணி அவர் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தார். "செவ்வாக்கெழம ஆஸ்பத்திரி."

"இனிமே என்ன. போலாம்."

வீட்டுக்கு என் சின்ன வண்டியில் கூட்டிப் போனேன். அண்ணன் பழக்கத்தில் வலது கதவைத் திறந்து, ஸ்டேரிங்கில் கை பட்டதும் நின்றார். முன்மூடியைத் தடவிக்கொண்டே சுற்றி வந்து இடப்பக்கம் உட்கார்ந்தார். புந்தோங் போய்ச் சேரும்வரை அண்ணி பின்னாலிருந்து, காலியான கார் நிறுத்துமிடத்தில் துணி காயப்போடலாம், இல்லை ரெண்டு நாற்காலி போட்டு மனிதர் மாதிரி உட்காரலாம் என்று திட்டம் போட்டுக்கொண்டு வந்தார். அண்ணன் எல்லாவற்றுக்கும் ம் என்றார்.

அவர்கள் வீட்டுச் சந்து முட்டுச் சந்து. போனபடியே திரும்ப முடியாது, பின்னோக்கித்தான் வெளியே வர வேண்டும். மழை பிடித்துவிட்டது. இருவரும் இறங்கினார்கள். அண்ணி குடையை விரித்து அவர் தலைக்கு மேல் பிடித்தார்.

"உள்ள வாங்க. அவன் போய்க்குவான்."

"இரு. கோஸ்தான் போடணும் அவன். ரெண்டு பக்கமும் மோட்டார் சைக்கிளு நிக்கிது."

"ஒங்களுக்குத் தெரியுதாக்கும்?"

"மழ வுழுற சத்தம் கேக்குதுல்ல. மோட்டார் மேல ஒரு மாதிரி வுழுது, தரையில ஒரு மாதிரி வுழுது."

அண்ணி என்னைப் பார்த்தார். நான் பின்கியரைப் போட்டேன். கண்ணாடியை இறக்கினேன். மழை உள்ளே தெறித்தது. இடது கதவில் ஈரக் கை தட்டத் தொடங்கியது, நிதானமாக, வண்டியோடு கூடவே நடந்து.

"ம், வா, வா. இந்தப் பக்கம் எடம் இருக்கு. வலது பக்கம் நீ பாத்துக்க."