பாதி சோப்பும் கம்பெனி காரும்

சந்தன சோப்பு வாசனை... தம்பானூரில் நான் ரிசப்ஷனில் இருந்த லாட்ஜை நினைத்தால் முதலில் மூக்குக்கு வருவது அதுதான்.

அங்கே ஒரு வழக்கம். கெஸ்ட் காலி செய்ததும், விட்டுப்போன பேப்பர் ரூம் பெருக்குகிறவருக்கு. தலை எண்ணெய் வாட்ச்மேனுக்கு. பாதி தேய்ந்த சோப்பு எனக்கு. மீறினால் அடிதடிதான். அன்றைக்குத் திருவனந்தபுரத்திலேயே என் அளவுக்கு மணத்த ஆள் கிடையாது.

அப்போதுதான் ஸ்ரீவராகத்தில் எங்கள் தூரத்துச் சொந்தம் கோமதிக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். போட்டியில் இரண்டே பேர். நானும், என் அத்தை மகன் கணேசனும்.

இருவரும் ஒரே நாளில் போய் உட்கார்ந்தோம். கணேசன் ஆரம்பித்தான். "சம்பளம் கெடக்கட்டும் மாமா... கம்பெனி கார் உண்டு, குவார்ட்டர்ஸ் உண்டு. எல்லாம் பெர்க்ஸ், கேட்டேளா?"

வயிறு எரிந்தது எனக்கு.

கோமதியின் அப்பா என்னைப் பார்த்தார். "அதென்னடே பெர்க்ஸ்?"

விடுவேனா! லாட்ஜில் தங்கிய வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவருக்கு, அகராதி பார்த்து நான் படித்த லத்தீனைக் கேட்டுக் கண்ணே கலங்கியிருக்கிறது.

"முழுப்பேரு பெர்க்விசிட், மாமா. லத்தீன் வேரு. தேடிச் சேத்ததுன்னு அர்த்தம், சம்பளத்துக்கு மேல கெடைக்கிறது. சீமையில பிரபு வீட்டு வேலைக்காரன், எரிஞ்சு மிஞ்சுன மெழுகுவத்தித் துண்டை எடுத்துக்கிடுவான். அதுதான் பெர்க்விசிட். இவன் காரும் அந்தத் துண்டுதான்."

"அப்போ ஒனக்கு என்னடே துண்டு?"

"சந்தன சோப்பு. ஃபாரின்காரன் தேச்சது."

உள்ளே கோமதி சிரித்துவிட்டாள். கேஸ் ஜெயித்தாச்சு என்று நடந்தே வீடு வந்தேன், வழியெல்லாம் பாட்டு.

மறுவாரம் கணேசனுக்கு நிச்சயம். மாமா என் தோளில் கை போட்டார். "நீ சொன்னது சரிதான் மக்கா. ஆனா அவன் துண்டு நாலு சக்கரத்துல ஓடுதுல்லா!"

இன்றைக்கு ஐ.டி. பிள்ளைகளுக்கு ஜிம், கேப், ஓசி காபி... பெர்க்ஸ் இல்லாமல் எவனும் வேலைக்கே போவதில்லை. வேர்ச்சொல் கேட்டால்தான் முழிக்கிறார்கள்.

கணேசன் ரிட்டயர் ஆன அன்றே கம்பெனி காரைத் திரும்ப வாங்கிக்கொண்டது. எனக்கு நல்ல தூக்கம் வந்தது, மறைப்பானேன்.

போன வாரம் கிழக்கேகோட்டையில் இருவரையும் பார்த்தேன். ஆட்டோவிலிருந்து அவன் இறங்கத் தடுமாற, "மெதுவா... என் கையைப் பிடிங்கோ, என்ன அவசரம்!" என்று கோமதி அதட்டிக்கொண்டிருந்தாள்.

கார் போச்சு, குவார்ட்டர்ஸும் போச்சு. இதை மட்டும் எந்தக் கம்பெனியும் அவனிடம் திருப்பிக் கேட்காது...