ஆறு வீட்டு அல்சேஷன்

காலை ஐந்தரைக்கு வவுனியாவில் பஸ் ஏறும்போதே எனக்குக் கோபம். பண்டத்தரிப்பில் இருக்கும் என் பெரியம்மாவின் மகன் குகன் அண்ணை, ஏழு அல்சேஷன் குட்டிகளில் ஐந்து செத்த பிறகுதான் போன் செய்திருந்தார். நான் மிருக வைத்தியர். யாழ்ப்பாணம் வரை நூற்று நாற்பது கிலோமீற்றரும் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன்.

ஒன்பதரைக்கு மருதனார்மடத்தில் இறங்கி ஓட்டோ பிடித்தேன். பத்துக் கிலோமீற்றருக்கு ஆயிரம் ரூபா. பேரம் பேசும் நிலையில் நான் இல்லை.

“சாதி நாய் வளர்க்கிற வீடுதானே மிஸ்?” என்றார் ஓட்டோக்காரர்.

“ஓம்.”

“நானும் ஒரு குட்டி கேட்டனான். சொந்தக்காரருக்கு மட்டும்தான் குடுப்பினமாம்.”

பத்து மணி. நான் போய்ச் சேருமுன் ஆறாவதும் செத்திருந்தது. மிஞ்சிய ஒன்றுக்குச் சேலைன் ஏற்றினேன். பார்வோ, குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ். தாய் ராணி சுவரோரம் படுத்திருந்தது, எழும்பவில்லை.

“தடுப்பூசி ரெண்டு தரமும் போட்டனான் தங்கச்சி. ஒரு குறையும் வைக்கேல்லை,” என்றார் அண்ணை.

தகப்பன் எது என்று கேட்டேன். மானிப்பாய் அத்தை வீட்டுக் கடுவன் நாய் என்றார்.

“அது ராணியோடை கூடப்பிறந்ததெல்லே?”

“ஓம். வெளியிலை விட்டால் இரத்தம் கலந்திடும்.”

இவர்கள் வழக்கம் இதுதான். கடுவன் வீட்டுக்கு ஒரு குட்டி, மற்றவை சொந்தக்காரருக்கு. இப்படியே இருபது வருடமாக ஆறு வீட்டுக்குள் இந்த நாய்கள் சுற்றி வருகின்றன. கிருமியை அடையாளம் காணும் மரபணுக்களில் ஒரு பங்கு தாயிடமிருந்தும் ஒரு பங்கு தகப்பனிடமிருந்தும் வரும். இரண்டும் வேறுவேறாக இருந்தால்தான் உடம்புக்குப் பலவகைக் கிருமிகளைத் தெரியும். சாதி நாய்களில் அந்த வகைகள் ஏற்கெனவே குறைவு. அதற்குள்ளும் அண்ணனையும் தங்கையையும் சேர்த்தால் என்ன மிஞ்சும்? குட்டிகள் செத்ததற்கு அது மட்டும்தான் காரணம் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை.

“சொந்தத்துக்குள்ளை சம்பந்தம் பேசிற நாங்களே அண்ணன் தங்கச்சியைக் கட்டிவைக்கிறேல்லை, அண்ணை.”

அவர் முகம் சுருங்கியது. “நாயையும் மனிசரையும் ஒண்டாக் கதையாதை.”

அவர் மனைவி, என் மச்சாள், தேத்தண்ணியை வைத்துவிட்டு மெல்லச் சொன்னார்: “முந்தி ராணி மதில் பாய்ஞ்சு ஊர்நாயோடை போட்ட நாலு குட்டிக்கும் உந்தப் பார்வோ வருத்தம் வந்தது. ஒண்டும் சாகேல்லை. உவர்தான் கலப்புக் குட்டியளெண்டு சாக்கிலை கட்டிக் கீரிமலைப் பக்கம் விட்டிட்டு வந்தவர்.”

தேத்தண்ணியை நான் குடிக்கவில்லை. அந்த வீட்டில் எதுவும் வாயில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பிற்பகல் இரண்டு மணிக்குக் குட்டி தலை தூக்கித் தண்ணீரை நக்கியது. மச்சாளிடம் மருந்துகளைக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன். படலை வரை வந்த அண்ணை, “ஆவணியிலை உன்ரை கடுவனைக் கொண்டு வா. ராணியோடை திரும்ப விட்டுப் பாப்பம்,” என்றார்.

என் வீட்டுக் கடுவன் ராணியின் முதல் ஈற்றுப் பிள்ளை. சொந்தக்காரி என்று கொடுத்தார்கள். படித்த நானும் ஒரு கேள்வி கேட்காமல் பல்லிளித்துக்கொண்டு வாங்கினேன். அன்றைய கோபத்தில் பாதி எனக்கே உரியது.

மறுநாள் காலை, இனிக் குட்டி கொடுக்க முடியாதபடி அவனுக்கு என் கையாலேயே ஒப்பரேசன் செய்தேன். முடித்துக் கை கழுவிவிட்டு அண்ணைக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

“பரவாயில்லை தங்கச்சி, இளவாலையிலை ஒண்டு நிக்குது,” என்றார்.

இளவாலையில் நிற்பது ராணியின் தகப்பன்.